குவெர்செடின் கேப்ஸ்யூல் வாங்கும் முன்: முதலிலிருந்து கடைசிவரை ஒரு வழிகாட்டி

தூசி ஒவ்வாமைக்கு நல்லது, பிரஷருக்கு நல்லது, யூரிக் ஆசிட் குறையும் என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லி யாராவது உங்களிடம் குவெர்செடின் பற்றிப் பேசியிருப்பார்கள். எனக்கு யூரிக் ஆசிட் எல்லைக்கோட்டில் நின்றபோது ஓர் உறவினர் சொல்லித்தான் இது தெரியவந்தது. வாங்குவது சுலபம், இணையத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் எது உண்மையான சரக்கு, எவ்வளவு சாப்பிடுவது, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா என்று தெரிந்துகொள்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. டாக்டர் ஒன்று சொல்வார், கடைக்காரர் வேறொன்று சொல்வார், கம்பெனிக்குப் போன் செய்தால் பதிலே வராது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

குவெர்செடின் என்பது ஃபிளாவனாய்டு வகையைச் சேர்ந்த, மஞ்சள் நிறமான ஒரு தாவரப் பொருள். வெங்காயம், ஆப்பிள் தோல், முருங்கைக் கீரை, தேயிலை எல்லாவற்றிலும் இருக்கிறது. கேப்ஸ்யூலில் வருவது பெரும்பாலும் சோஃபோரா ஜப்பானிகா என்ற மரத்தின் பூமொட்டுகளிலிருந்து பிரித்தெடுத்தது. இந்த அளவு தெரிந்தால் போதும், வேலைக்கு வருவோம்.

1. எதற்காகச் சாப்பிடப் போகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"உடம்புக்கு நல்லது" என்று மட்டும்தான் எழுத முடிகிறது என்றால் வாங்க வேண்டாம். ஒரு மாதம் கழித்துப் பலன் வந்ததா இல்லையா என்று பார்க்க உங்களிடம் எந்த வழியும் இருக்காது. ஒரு எண்ணாலோ ஒரு குறிப்பேட்டாலோ அளக்கக்கூடிய காரணம் இருந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள்.

மனிதர்களிடம் செய்த சோதனைகள் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிடலாம், எதிர்பார்ப்பு சரியான அளவில் இருக்கும்.

பிரஷர்: 2007இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் தினம் 730 மி.கி. வீதம் 28 நாள் கொடுத்தார்கள். முதல்நிலை உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அளவு சுமார் 7, கீழ் அளவு சுமார் 5 குறைந்தது. அதற்கும் கீழே, எல்லைக்கோட்டில் இருந்தவர்களுக்கு மாற்றம் இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து 2016இல் பார்த்தபோது சராசரிக் குறைவு 3 புள்ளி அளவில்தான் நின்றது, அதுவும் தினம் 500 மி.கி. அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. பிரஷர் மாத்திரையின் இடத்தை நிரப்பும் அளவு இது கிடையாது. மாத்திரையை நிறுத்திவிட்டு இதற்கு மாறும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து அதைக் கைவிடுங்கள்.

யூரிக் ஆசிட்: நோயில்லாத, ஆனால் அளவு சற்றுக் கூடுதலாக இருந்த 22 ஆண்களுக்கு 4 வாரம் தினம் 500 மி.கி. கொடுத்ததில் டெசிலிட்டருக்கு அரை மி.கி.க்கும் சற்றுக் குறைவாக இறங்கியது. எல்லைக்கோட்டில் இருப்பவருக்கு இது ஓரளவு பொருட்படுத்தத்தக்க மாற்றம். கால் கட்டைவிரல் வீங்கிச் சிவந்து கவுட் வந்துவிட்டவருக்கு இது வைத்தியமே இல்லை, அவர் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

ஒவ்வாமை: அரிப்பையும் தும்மலையும் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற பொருள் செல்களிலிருந்து வெளியேறுவதைக் குவெர்செடின் தடுக்கிறது என்பது ஆய்வுக்கூடத்தில் செல்களை வைத்துப் பார்த்த விஷயம். மனிதர்களிடம் நடந்தவை சிறிய ஆய்வுகள். ஜப்பானில் சீடர் மர மகரந்த ஒவ்வாமைக்கு 8 வாரம் கொடுத்துப் பார்த்ததில் கண் அரிப்பு, கண்ணில் நீர் வடிதல் போன்ற தொல்லைகள் குறைந்தன. ஆனால் அங்கே கொடுத்தது நொதியால் மாற்றியமைத்த, நீரில் கரையும் வேறொரு வடிவம். நம் கடையில் கிடைக்கும் சாதாரண கேப்ஸ்யூலுக்கும் அதே பலன் வரும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

புராஸ்டேட் அழற்சியால் நெடுநாள் வலி உள்ளவர்களுக்கு, தினம் இருமுறை 500 மி.கி. வீதம் ஒரு மாதம் கொடுத்த 1999ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. அது சிறுநீர்ப்பாதை மருத்துவர் (யூராலஜிஸ்ட்) பார்த்து முடிவு செய்ய வேண்டியது.

புற்றுநோயைத் தடுக்கும், வயதைக் குறைக்கும் என்ற விளம்பரங்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். குவெர்செடின் பெயரில் கேட்கப்பட்ட ஆரோக்கிய உரிமைகோரல்களை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் ஆராய்ந்து, போதிய ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னது.

2. சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைத் தயார் செய்யுங்கள்

இந்தப் படியை மட்டும் யாரும் தாண்டிப் போகக் கூடாது. "இயற்கைப் பொருள்தானே" என்ற நினைப்பில் பெரும்பாலானோர் தாண்டிவிடுவது இதைத்தான். குடலிலும் கல்லீரலிலும் மருந்துகளைக் கையாளும் அதே வழிகளைக் குவெர்செடினும் பயன்படுத்துகிறது. அதனால் சில மருந்துகளின் அளவு ரத்தத்தில் கூடலாம்.

எல்லா மாத்திரை அட்டைகளின் பின்பக்கத்தையும் படம் எடுங்கள். கம்பெனிப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர்தான் நமக்குத் தேவை. சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக டாக்டர் எழுதிய சீட்டு, 3 மாதத்துக்குள் எடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கை, இரண்டையும் அதே கோப்பில் வையுங்கள். அப்புறம் கீழே உள்ளவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்:

- வார்ஃபரின், அசெனோகூமரால் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள். இதய வால்வு மாற்றியவர்கள் பெரும்பாலும் இவற்றைச் சாப்பிடுவார்கள். டாக்டர் சம்மதிக்காமல் குவெர்செடினைத் தொடவே கூடாது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்களும் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.
- சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ். உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்களுக்கானவை. ரத்தத்தில் இவற்றின் அளவு சிறிது மாறினாலும் ஆபத்து.
- டிஜாக்சின் என்ற இதய மருந்து. விலங்குச் சோதனையில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது உயிரிழப்பே நேர்ந்திருக்கிறது.
- பெக்ஸோஃபெனடின். ஒவ்வாமைக்காகக் குவெர்செடின் வாங்கும் பலர் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரை. தினம் மூன்று வேளை 500 மி.கி. குவெர்செடின் எடுத்தவர்களின் ரத்தத்தில் பெக்ஸோஃபெனடின் ஏறக்குறைய 55 சதவீதம் கூடியதாக ஓர் ஆய்வு காட்டியது.
- சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக். இவற்றைச் சாப்பிடும் நாட்களில் குவெர்செடினை நிறுத்திவையுங்கள்.
- பிரஷர், சர்க்கரை மாத்திரைகள். சேர்ந்து வேலை செய்தால் அளவு தேவைக்கும் கீழே இறங்கக்கூடும் என்பதால் வீட்டில் அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் கேப்ஸ்யூல் வேண்டாம், சாப்பாட்டில் கிடைப்பதே போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் நெஃப்ராலஜிஸ்ட் (சிறுநீரக மருத்துவர்) சொல்லாமல் தொடங்க வேண்டாம். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால் 2 வாரம் முன்பே நிறுத்திவிட்டு, மயக்க மருந்து டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்போடு குவெர்செடின் ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது.

டாக்டரிடம் "குவெர்செடின் சாப்பிடலாமா?" என்று மட்டும் கேட்டால், "சாப்பிடுங்க, ஒண்ணும் ஆகாது" என்றோ "அதெல்லாம் வேண்டாம்" என்றோ ஒரே வரியில் முடிந்துவிடும். பட்டியலை நீட்டி, "நான் சாப்பிடுகிற இந்த மாத்திரைகளோடு தினம் 500 மி.கி. குவெர்செடின் 8 வாரம் எடுக்கலாமா? எந்த ரத்தப் பரிசோதனையை எப்போது திரும்பப் பார்க்க வேண்டும்?" என்று கேளுங்கள். அளவும் காலமும் சொல்லிக் கேட்டால் அவரும் நின்று யோசித்துப் பதில் சொல்வார். முடிந்தால் சீட்டிலேயே குறித்துத் தரச் சொல்லுங்கள். கன்சல்டேஷன் கட்டணம் ஆகும்தான், ஆனால் இந்த முழு வேலையிலும் அவசியமான செலவு அது ஒன்றுதான்.

3. தொடக்க அளவை எடுத்து வையுங்கள்

டப்பாவைத் திறப்பதற்கு முன்பு செய்ய வேண்டியது. யூரிக் ஆசிட்டுக்கு என்றால் ஒரு ரத்தப் பரிசோதனை. அதோடு சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினையும் கல்லீரல் அளவுகளையும் பார்த்துவிடுவது நல்லது. தனியார் லேபில் எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய் ஆகும், அரசு மருத்துவமனையில் டாக்டர் எழுதிக் கொடுத்தால் இலவசம். மறுபடி எடுக்கும்போதும் அதே லேப், அதே நேரம், அதே போல வெறும் வயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். லேப் மாறினால் எண்ணும் சற்று மாறும். அதைக் கேப்ஸ்யூலின் பலன் என்று எடுத்துக்கொள்ள நேரிடும்.

பிரஷருக்கு என்றால் ஒரு வாரம் காலையும் மாலையும், 5 நிமிடம் உட்கார்ந்த பிறகு அளந்து எழுதுங்கள். ஒவ்வாமைக்கு என்றால் தினம் எத்தனை முறை அடுக்குத் தும்மல், கண் அரிப்பு உண்டா, ஒவ்வாமை மாத்திரை போட வேண்டி வந்ததா என்று மூன்று கட்டம் போட்ட ஒரு நோட்டுப் போதும்.

4. லேபிளைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள்

முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது விளம்பரம். விவரம் முழுக்கப் பின்னால்தான் இருக்கிறது.

முதலில் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண். 14 இலக்கம் இருக்க வேண்டும். அந்த ஆணையத்தின் ஃபாஸ்கோஸ் என்ற உரிம இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயரும், உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரியும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. பல டப்பாக்களில் விற்பவர் ஒருவர், தயாரிப்பவர் வேறொருவர். இருவரின் பெயரும் முகவரியும் இருக்கிறதா, நீங்கள் தேடிய எண் யாருடையது என்று பாருங்கள். விற்பனையாளரின் எண்ணை மட்டும் போட்டுவிட்டு, தயாரித்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாத டப்பாவை நான் வாங்க மாட்டேன். எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணுக்குப் பதிலாக ஆயுஷ் உரிம எண் இருந்தால் அது ஆயுர்வேத மருந்தாகப் பதிவானது, அதற்கு விதிகள் வேறு.

ஹெல்த் சப்ளிமெண்ட் அல்லது நியூட்ராசூட்டிகல் என்ற சொல்லும், மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதல்ல என்ற எச்சரிக்கையும், தினசரி அளவைத் தாண்டக் கூடாது என்ற வரியும் கட்டாயம் இருக்க வேண்டும். நோயைக் குணமாக்கும் என்று எழுதியிருந்தால் அது விதிமீறல். அப்படிப்பட்ட கம்பெனி மற்ற விதிகளை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அடுத்து அளவு. ஏமாறும் இடங்கள் நான்கு:

ஒன்று, "ஒரு வேளைக்கு 500 மி.கி." என்று போட்டு, ஒரு வேளை என்றால் 2 கேப்ஸ்யூல் என்று கீழே சின்னதாக எழுதியிருப்பார்கள். அப்படியென்றால் ஒன்றில் 250 மி.கி.தான்.

இரண்டு, "சோஃபோரா ஜப்பானிகா எக்ஸ்ட்ராக்ட் 500 மி.கி." என்று மட்டும் இருக்கும். அந்தச் சாற்றில் எத்தனை சதவீதம் குவெர்செடின் என்று சொல்லாவிட்டால் அந்த 500க்கு அர்த்தம் இல்லை. 95 சதவீதம் என்பது போல ஓர் எண் வேண்டும்.

மூன்று, குவெர்செடின் டைஹைட்ரேட். இதில் நீர் மூலக்கூறுகளும் சேர்ந்திருப்பதால் 500 மி.கி.யில் சுமார் 447 மி.கி.தான் குவெர்செடின். இது ஏமாற்று வேலை இல்லை, பொதுவாகக் கிடைக்கும் வடிவமே அதுதான். இரண்டு டப்பாக்களை ஒப்பிடும்போது மட்டும் நினைவில் வையுங்கள்.

நான்கு, துத்தநாகம், வைட்டமின் சி, புரோமெலைன் எல்லாம் கலந்த "காம்ப்ளெக்ஸ்". மொத்த எடையை மட்டும் போட்டு, தனித்தனி அளவைச் சொல்லாதவற்றை விட்டுவிடுங்கள். புரோமெலைன் அன்னாசியிலிருந்து எடுக்கும் நொதி, ரத்தம் உறைவதைத் தளர்த்தக்கூடியது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது இரட்டைச் சிக்கல்.

ஃபைட்டோசோம் என்று ஒரு வகை வருகிறது. லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளோடு சேர்த்து, உடம்பில் நன்றாக உறிஞ்சப்படும்படி செய்தது. 2019இல் வந்த ஓர் ஆய்வில் ரத்தத்தில் 20 மடங்கு வரை அதிக அளவு காணப்பட்டது. அதனால் சாதாரண வகையின் 500 மி.கி. அளவை இதற்கு அப்படியே பொருத்தக் கூடாது, லேபிளில் சொன்னபடிதான் எடுக்க வேண்டும்.

5. விலையை ஒரு நாள் கணக்கில் போட்டுப் பாருங்கள்

ஓர் உதாரணம். 60 கேப்ஸ்யூல் 900 ரூபாய் என்று ஒரு டப்பா, 60 கேப்ஸ்யூல் 1,100 ரூபாய் என்று இன்னொன்று. முதலாவது மலிவாகத் தெரியும். ஆனால் அதில் ஒன்றுக்கு 250 மி.கி., இரண்டாவதில் 500 மி.கி. தினம் 500 மி.கி. என்று கணக்கிட்டால் முதல் டப்பா 30 நாளில் தீர்ந்துவிடும், ஒரு நாளைக்கு 30 ரூபாய். இரண்டாவது 60 நாள் வரும், ஒரு நாளைக்குச் சுமார் 18 ரூபாய்.

முதல் முறை ஒரே ஒரு டப்பா போதும். மூன்று வாங்கினால் தள்ளுபடி என்பதில் விழாதீர்கள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் திறந்த டப்பாவை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள். மாதாமாதம் தானாக அனுப்பும் சந்தா திட்டமும் வேண்டாம். மருத்துவக் காப்பீட்டில் இந்தச் செலவு பொதுவாகத் திரும்பக் கிடைக்காது என்பதால், முழுக்க உங்கள் கைப்பணம் என்று எண்ணியே முடிவு செய்யுங்கள்.

மாதம் ஐந்நூறு, ஆயிரம் என்பது வீட்டுச் செலவில் இடிக்கும் என்றால் சமையலறைப் பக்கம் போவதே மேல் என்பேன். 100 கிராம் வெங்காயத்தில் ரகத்தைப் பொறுத்து 20 முதல் 40 மி.கி. வரை இருக்கும். கேப்ஸ்யூல் அளவுக்கு வராதுதான், ஆனால் வெங்காயத்தில் உள்ள வடிவம் உடம்பில் நன்றாகவே சேர்கிறது. வெளி அடுக்குகளில்தான் அதிகம் என்பதால் காய்ந்த தோலை மட்டும் நீக்குங்கள், அடுத்த சதைப்பற்றான அடுக்கையும் சேர்த்து உரித்துப் போடாதீர்கள். வேகவைத்தால் கொஞ்சம் தண்ணீரில் இறங்கிவிடும். சின்ன வெங்காய சாம்பாரில் அந்தத் தண்ணீரையும் நாம் சாப்பிட்டுவிடுவதால் நட்டமில்லை. முருங்கைக் கீரை வாரம் இரண்டு முறை சேர்ந்தால் இன்னும் நல்லது.

6. ஆய்வறிக்கை கேட்டு வாங்குங்கள்

நான் அதிகம் இழுபட்டது இதற்குத்தான். ஒரு கம்பெனி "எங்கள் பொருள் நூறு சதவீதம் தூய்மையானது" என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பியது, அறிக்கை மட்டும் வரவே இல்லை. பிறகு வேறு கம்பெனிக்கு மாறினேன், அங்கே கேட்டதும் கொடுத்தார்கள். கொடுக்கத் தயங்குகிற இடத்தில் நேரத்தை வீணாக்காமல் அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

மின்னஞ்சலில் இப்படிக் கேளுங்கள்: "இந்த பேட்ச் எண் கொண்ட தயாரிப்பின் ஆய்வுச் சான்றிதழ் வேண்டும்." போனில் கேட்டால் பதிவு இருக்காது. ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். வந்ததும் கவனிக்க வேண்டியவை:

- அறிக்கையில் உள்ள பேட்ச் எண்ணும் டப்பாவில் உள்ளதும் ஒன்றா? மூலப்பொருள் வாங்கிய இடத்தின் அறிக்கையையே சிலர் அனுப்புவார்கள். கேப்ஸ்யூலில் அடைத்த பிறகு எடுத்த அறிக்கைதான் வேண்டும்.
- குவெர்செடின் அளவை ஹெச்பிஎல்சி முறையில் (கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்து அளப்பது) அளந்தார்களா? புற ஊதா ஒளியை வைத்து அளக்கும் யுவி முறையில் மற்ற ஃபிளாவனாய்டுகளும் கணக்கில் சேர்ந்து எண் கூடுதலாக வரக்கூடும்.
- ஈயம், ஆர்செனிக், காட்மியம், பாதரசம் நான்குக்கும் தனித்தனியே எண் இருக்கிறதா? "தேர்ச்சி" என்ற சொல் மட்டும் இருந்தால் எண்ணைக் கேளுங்கள்.
- லேபின் பெயர், தேதி, கையெழுத்து. லேப்களுக்குத் தரச் சான்று தரும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் பெற்றதாகச் சொன்னால் என்ஏபிஎல் இணையதளத்தில் அந்த லேபைத் தேடிப் பாருங்கள்.

வீட்டிலும் ஒன்று பார்க்கலாம். கேப்ஸ்யூலைத் திறந்தால் தூள் மஞ்சளாக இருக்க வேண்டும், தண்ணீரில் போட்டால் சரியாகக் கரையாமல் மிதக்கவோ அடியில் படியவோ செய்யும். வெள்ளை வெளேரென்று இருந்து சட்டென்று கரைந்தால் சந்தேகப்படுங்கள். மஞ்சளாக இருப்பது மட்டும் சான்றாகிவிடாது, ரூட்டின் என்ற விலை குறைந்த வேறொரு ஃபிளாவனாய்டும் மஞ்சள்தான்.

7. வெளிநாட்டு டப்பா என்றால்

இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அவருடைய எஃப்எஸ்எஸ்ஏஐ எண், ரூபாயில் விலை, இவை ஒட்டுச்சீட்டிலாவது இருக்க வேண்டும். எதுவும் இல்லாமல் இணையத்தில் விற்றால் அது முறையாக வந்த சரக்கு என்று சொல்ல முடியாது, குறை இருந்தால் கேட்க இங்கே ஆளும் கிடைக்காது. உறவினர்கள் வரும்போது வாங்கி வரச் சொன்னால், சீல் உடையாத டப்பா, கடை ரசீது, சொந்த உபயோகத்துக்கான சிறிய அளவு, இந்த மூன்றையும் சொல்லி அனுப்புங்கள்.

8. சாப்பிடும் முறையும் கால அளவும்

வெறும் வயிற்றில் வேண்டாம். குவெர்செடின் கொழுப்போடு சேர்ந்தால் நன்றாக உறிஞ்சப்படும் என்பதால் எண்ணெயோ நெய்யோ சேர்ந்த சாப்பாட்டுக்குப் பிறகு எடுங்கள். முதல் 3, 4 நாள் 250 மி.கி. போதும். ஒத்துக்கொண்டால் 500 மி.கி. இணையத்தில் இரண்டாயிரம் வரை சாப்பிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆய்வுகளில் பொதுவாகப் பார்த்தது தினம் 1,000 மி.கி.க்குள், 12 வாரம் வரைதான். வருடக் கணக்கில் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் போதிய தரவு இல்லாததால் 12 வாரத்தோடு ஓர் இடைவெளி விடுவதே சரி.

தலைவலி, கை கால் மரமரப்பு, வயிற்றுப் புரட்டல் சிலருக்கு வரும். அளவைக் குறைத்தும் போகாவிட்டால் நிறுத்துங்கள். ஈறில் ரத்தம், காரணமில்லாமல் தோலில் கன்றல், கறுப்பாக மலம் போனால் அன்றே டாக்டரைப் பாருங்கள், டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள்.

எப்போது பலன் பார்ப்பது? யூரிக் ஆசிட்டுக்கு 4 வாரம் முடிந்ததும் மறு பரிசோதனை. பிரஷருக்கு 4 வாரம், வேண்டுமானால் 8. ஒவ்வாமைக்கு 8 வாரம். பனிக்காலத்தில் தும்மல் கூடும் என்று தெரிந்தவர்கள் சில வாரம் முன்பே தொடங்க வேண்டும், தும்மல் வந்தபின் ஒன்று போட்டால் உடனே நிற்காது. அந்த வாரங்களில் வேறு புதிய மாத்திரை, புதிய உணவுக் கட்டுப்பாடு எதையும் சேர்க்காதீர்கள், எது வேலை செய்தது என்றே தெரியாமல் போய்விடும். 8 வாரத்தில் நோட்டில் மாற்றம் இல்லையென்றால் இரண்டாவது டப்பா வாங்க வேண்டாம்.

கடலோர ஊர்களில் ஈரப்பதம் அதிகம். டப்பாவுக்குள் இருக்கும் சிலிக்கா பொட்டலத்தைத் தூக்கி எறியாமல், இறுக மூடி, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.

9. சரக்கு சரியில்லை என்றால்

ரசீது, டப்பாவின் நான்கு பக்கப் படங்கள், பேட்ச் எண், கம்பெனியோடு நடந்த மின்னஞ்சல்கள், இவற்றை டப்பா தீரும்வரை அழிக்காதீர்கள். மீதக் கேப்ஸ்யூலையும் எறிய வேண்டாம்.

முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. லேபிள் விதிமீறல், கலப்படச் சந்தேகம் என்றால் உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை நியமன அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கேட்கலாம் என்று 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு சொல்கிறது. மாதிரி தரம் தவறியது என்று வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். பகுப்பாய்வாளர் அறிக்கை தர 14 நாள் கெடு.

பணம் திரும்ப வேண்டும், நட்டஈடு வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே, இணையம் வழியாகவும், தாக்கல் செய்யலாம். குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் செய்துவிட வேண்டும்.